சூறாவளிக்கும் காற்றுமுகத்துக்கும் என்ன வேறுபாடு?

கேள்வி இதுதான்: சூறாவளியும் காற்றுமுகமும் ஒன்றா, வேறா? சில வானிலை வரைபடங்களில் தாழ்வழுத்த மையத்திலிருந்தே நீல முக்கோணக் கோடும் சிவப்பு அரைவட்டக் கோடும் கிளம்புகின்றன. வெப்பமண்டலப் புயலின் வரைபடத்தில் மட்டும் அந்தக் கோடுகளைக் காணோமே, ஏன்?

சூறாவளி என்பது அழுத்தம் குறைந்த ஒரு மையத்தைச் சுற்றிக் காற்று மூடிய வளையமாகச் சுழலும் அமைப்பு. காற்றுமுகம் என்பது வெப்பநிலையும் ஈரப்பதமும் வேறுபட்ட இரண்டு காற்றுத்திரள்கள் சந்திக்கும் எல்லை. ஆகவே "இரண்டில் எது பெரியது, எது ஆபத்தானது" என்று கேட்பதில் பொருளில்லை. காற்றுமுகமே இல்லாத சூறாவளி உண்டு. சூறாவளி எதுவும் அருகில் இல்லாமல் நாள்கணக்கில் கிடக்கும் காற்றுமுகமும் உண்டு. இரண்டும் ஒன்றாகப் பிறந்து ஒன்றாக மடியும் வகையும் உண்டு. குழப்பமெல்லாம் இந்த மூன்றாவது வகையால் வருவதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வானிலையாளர் ஓர் அமைப்பைச் சூறாவளி என்று வகைப்படுத்தும்போது காற்றின் வேகத்தைப் பார்ப்பதில்லை. மூடிய சுழற்சி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். வட அரைக்கோளத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும், தென் அரைக்கோளத்தில் கடிகார முள் திசையில். வேகம் என்பது அடுத்த கட்டப் பிரிவு. வெப்பமண்டலத் தாழ்வு ஒன்றின் காற்று 34 நாட், அதாவது மணிக்குச் சுமார் 63 கி.மீ. தொட்டால் அதைப் புயலாகக் கணக்கில் எடுப்பார்கள். 64 நாட், அதாவது சுமார் 118 கி.மீ. தாண்டினால் அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன். குளிர்நாடுகளில் நாலு நாளைக்கு ஒருமுறை மழையும் மூட்டமுமாகக் கடந்துபோகும் சாதாரணத் தாழ்வும் இலக்கணப்படி சூறாவளிதான். கீழே புயல் என்று சொல்லும்போதெல்லாம் வெப்பமண்டல வகையைக் குறிக்கிறேன்.

இனி காற்றுமுகம். வரைபடத்தில் அது ஒரு கோடாகத் தெரிந்தாலும் உண்மையில் அது சாய்ந்து நிற்கும் ஒரு பரப்பு. தரையில் பல பத்து கி.மீ. முதல் நூறு, இருநூறு கி.மீ. வரை அகலமுள்ள பட்டை. நீளமோ ஆயிரம் கி.மீ.க்கு மேலும் போகும். அடர்த்தியான குளிர்காற்று கீழே ஆப்புப்போல நுழைந்திருக்கும், இலேசான வெப்பக்காற்று அதன் மேலே சரிந்து ஏறும். குளிர்காற்று முன்னேறி வெப்பக்காற்றைத் தள்ளினால் அது குளிர்முகம், வரைபடத்தில் நீல முக்கோணக் கோடு. வெப்பக்காற்று முன்னேறினால் வெப்பமுகம், சிவப்பு அரைவட்டக் கோடு. குளிர்முகத்தில் இந்தச் சாய்வு சுமார் 50-க்கு 1 முதல் 100-க்கு 1 வரை. வெப்பமுகத்தில் இன்னும் படுத்த சாய்வு, 150-க்கு 1 முதல் 300-க்கு 1 வரை. வானத்தில் நாம் பார்ப்பதெல்லாம் இந்த எண்களின் விளைவுதான். 200-க்கு 1 சாய்வுள்ள வெப்பமுகம் தரையில் இன்னும் 1,000 கி.மீ. தள்ளியிருக்கும்போதே உங்கள் தலைக்கு மேல் 5 கி.மீ. உயரத்தில் அதன் பரப்பு வந்துவிடும். மேலேறும் ஈரக்காற்று அங்கே கீற்று மேகமாகிறது. பிறகு சூரியனைச் சுற்றி ஒளிவட்டம் காட்டும் கீற்றுப்படை மேகம், அடுத்து சூரியனை மங்கலாக்கும் இடைப்படை மேகம், கடைசியில் நின்று பெய்யும் கார்படை மேகம். இந்த வரிசை முழுவதும் நிகழ ஒரு நாள், சில சமயம் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும்.

குளிர்முகம் வரும் விதம் வேறு. செங்குத்தான சாய்வால் காற்று வேகமாக மேலே தள்ளப்பட்டுக் கார்திரள் மேகங்கள் வரிசையாக எழும்பும். மழைப்பட்டை குறுகலானது, இரண்டு மூன்று மணி நேரத்தில் அடித்துப் பெய்துவிட்டுப் போய்விடும். வெப்பமும் குளிரும் சமபலத்தில் நின்று எல்லை நகராமல் கிடந்தால் அது நிலைமுகம். வெள்ளம் கொண்டுவருவதில் இது சாது போலிருந்து ஏமாற்றும், ஏனென்றால் மழை ஒரே இடத்தில் நாள்கணக்கில் விழும். குளிர்முகமும் வெப்பமுகமும் ஒன்றாகச் சுருண்டு, இடையிலிருந்த வெப்பக்காற்று தரையைவிட்டு மேலே தூக்கப்பட்டுவிட்டால் அது அடைபட்ட முகம். வரைபடத்தில் இதற்கு ஊதா நிறம், முக்கோணமும் அரைவட்டமும் ஒரே பக்கத்தில் மாறி மாறி இருக்கும். நிலைமுகத்திலும் இரண்டும் மாறி மாறித்தான் வரும், ஆனால் முக்கோணங்கள் ஒரு பக்கம், அரைவட்டங்கள் எதிர்ப்பக்கம். நகரும் முகங்களில், குறிகள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றனவோ அந்தப் பக்கமாக முகம் நகர்கிறது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். குளிர்காற்று அடர்த்தியானது என்றால் அது ஏன் முழுவதுமாகத் தரையில் பரவிப் படுத்துவிடுவதில்லை? சாய்வு ஏன் நாள்கணக்கில் நிலைக்கிறது? பூமியின் சுழற்சியே காரணம். எல்லையின் இருபுறமும் காற்று வெவ்வேறு வேகத்தில் ஓடும்போது, கொரியாலிஸ் விசையும் (பூமியின் சுழற்சியால் ஓடும் காற்றைப் பக்கவாட்டில் திருப்பும் விசை) அழுத்த வேறுபாடும் ஒன்றையொன்று சமன்செய்து அந்தச் சாய்வைத் தாங்கிப் பிடிக்கின்றன. இந்தச் சமநிலைக்கான கணக்கை ஆஸ்திரிய வானிலையாளர் மாக்ஸ் மார்குலெஸ் 1906-இல் எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு அருகே கொரியாலிஸ் விசை கிட்டத்தட்ட இல்லை என்பதால் வெப்பநிலை வேறுபாடு எழுந்தாலும் விரைவில் பரவிக் கரைந்துவிடும். வெப்பமண்டல வரைபடங்களில் காற்றுமுகக் கோடுகளைக் காணாததற்கு இது முதல் காரணம். நூற்றுக்கணக்கான கி.மீ. பயணித்தாலும் அங்கே வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை என்பது இன்னொரு காரணம். வர்த்தகக் காற்றுகள் கூடும் மழைப்பட்டையையும் ஒருகாலத்தில் காற்றுமுகம் என்றுதான் எழுதிவந்தார்கள். இருபுறமும் ஏறக்குறைய ஒரே வெப்பக்காற்றுதான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பெயர் கைவிடப்பட்டது. இப்போது அது வெப்பமண்டல ஒருங்கல் மண்டலம்.

சூறாவளிகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. அவற்றைப் பிரிப்பது இடமோ வேகமோ அல்ல, தீனி.

மித வெப்பமண்டலச் சூறாவளிக்கு (மேலே சொன்ன குளிர்நாட்டுத் தாழ்வு இந்த வகைதான்) தீனி, பக்கத்துக்குப் பக்கம் இருக்கும் வெப்பநிலை வேறுபாடு. துருவப் பக்கம் குளிர்காற்று, நிலநடுக்கோட்டுப் பக்கம் வெப்பக்காற்று, நடுவில் காற்றுமுகம், அதற்கு மேலே 9, 10 கி.மீ. உயரத்தில் ஜெட் காற்றோட்டம், அதாவது குறுகலாக மிக வேகமாக ஓடும் காற்றாறு. மேலே காற்று விலகிப் பரவும் இடத்துக்குக் கீழே அழுத்தம் குறையத் தொடங்கும். முகக்கோடு அலைபோல் வளையும். அலையின் முன்பக்கம் வெப்பமுகமாகவும் பின்பக்கம் குளிர்முகமாகவும் மாறும். குளிர்காற்று கீழிறங்க, வெப்பக்காற்று மேலேற, அந்த ஏற்ற இறக்கத்தில் விடுபடும் ஆற்றலே சுழற்சியை ஓட்டுகிறது. அடைப்பு முற்றி மையத்தைச் சுற்றிலும் குளிர்காற்றே நிறைந்துவிட்டால் தீனி தீர்ந்துபோய் அமைப்பு மெல்ல ஓய்ந்துவிடும். நார்வேயின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் 1917-இல் தொடங்கிய குழுவில் அவருடைய மகன் ஜேக்கப் பியர்க்னெஸ் 1919-இல் இந்த மாதிரியை வெளியிட்டார். 1922-இல் ஹால்வர் சோல்பெர்க்குடன் சேர்ந்து பிறப்பு முதல் மறைவு வரையிலான வாழ்க்கைச் சுழற்சியாக அதை விரித்தார். நூறாண்டு கழிந்தும் வரைபடக் குறிகள் அதே மரபில்தான் நிற்கின்றன. ஆனால் ஒரு திருத்தம் வேண்டும்: "குளிர்முகம் வேகமாக ஓடி வெப்பமுகத்தை எட்டிப் பிடிப்பதால் அடைப்பு உண்டாகிறது" என்று பாடப்புத்தகங்கள் இன்னும் எழுதுகின்றன. சுழற்சியே இரண்டு முகங்களையும் தன்னைச் சுற்றி இழுத்துச் சுருட்டிக்கொள்கிறது என்பதுதான் இன்று பொருத்தமான விளக்கம்.

புயலுக்குத் தீனி கடல். மேற்பரப்பு நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த வெப்பம் மேலோட்டமாக இல்லாமல் 50 மீட்டர் அளவுக்கு ஆழமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் புயலின் காற்றே கடலைக் கலக்கி அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவந்து தன் தீனியைத் தானே கெடுத்துக்கொள்ளும். ஆவியான நீர் மேலே மேகமாகும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம் மையத்தைச் சூடாக்குகிறது. சூடான காற்றுத்தூணின் எடை குறைவு, அதனால் தரையில் அழுத்தம் இன்னும் குறைகிறது. காற்று இன்னும் வேகமாக உள்ளே பாய்கிறது. கடலிலிருந்து இன்னும் அதிக ஆவி எழுகிறது. சுழற்சி தொடங்கக் கொரியாலிஸ் விசையும் வேண்டும் என்பதால் நிலநடுக்கோட்டிலிருந்து 5 டிகிரிக்குள் புயல் பிறப்பது அரிது. 2001 டிசம்பரில் தென்சீனக் கடலில் 1.5 டிகிரிக்கும் குறைவான அட்சத்தில் உருவான வாமேய் போன்றவை விதிவிலக்கு.

கடைசி நிபந்தனைதான் இந்தப் பதிலின் மையம். தரைக்கும் உயரத்துக்கும் இடையே காற்றின் வேகமும் திசையும் அதிகம் மாறக்கூடாது. மாறினால் மேலே சேர்ந்த வெப்பம் மையத்தைவிட்டு ஒருபக்கமாக அடித்துச் செல்லப்படும், தூண் சாயும், புயல் பிரிந்துபோகும். சரி, இந்த மாற்றம் எங்கே அதிகம்? பக்கவாட்டில் வெப்பநிலை சட்டென்று மாறும் இடத்தில், அதாவது காற்றுமுகத்தில். வெப்பநிலைச் சரிவு எவ்வளவு செங்குத்தோ, உயரத்துடன் காற்று மாறுவதும் அவ்வளவு அதிகம். இது நன்கு நிறுவப்பட்ட இயற்பியல் உறவு, ஜெட் காற்றோட்டம் காற்றுமுகத்துக்கு மேலே ஓடுவதும் இதனால்தான். ஆக, ஒரு குடும்பத்துக்குச் சோறாக இருப்பதே மற்றதற்கு நஞ்சு. முற்றிய புயலின் நடுவே காற்றுமுகம் இல்லாதது வரைபடக்காரரின் மறதி அல்ல; முகம் உள்ளே நுழைந்துவிட்டால் அது புயலாக நீடிக்க முடியாது.

உள்ளமைப்பிலும் இந்த வேறுபாடு தெரியும். புயலின் மையம் சுற்றுப்புறத்தைவிட வெப்பமானது. அதனால் அதிவேகக் காற்று தரைக்கு அருகே, சில நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும். மேலே போகப் போகக் குறையும். மித வெப்பமண்டல வகையில் மையம் குளிர்ந்தது. உயரம் கூடக் கூடக் காற்று வலுக்கும். புயலில் உச்சக் காற்று கண்சுவரில் (அமைதியான கண்ணைச் சுற்றி நிற்கும் மேக வளையத்தில்), மையத்திலிருந்து பெரும்பாலும் 20 முதல் 50 கி.மீ.க்குள். மற்றதில் பலத்த காற்று நூற்றுக்கணக்கான கி.மீ. பரந்து, மையத்தைவிட முகங்களையும் சம அழுத்தக் கோடுகள் நெருங்கும் பகுதிகளையும் ஒட்டி இருக்கும். குறுக்களவில் புயல் பொதுவாகச் சில நூறு கி.மீ., மற்றது 1,000 முதல் 4,000 கி.மீ. வரை. 1979 அக்டோபரில் மைய அழுத்தம் 870 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) வரை இறங்கிய டிப் என்ற டைஃபூன் சுமார் 2,200 கி.மீ. அகலம் கொண்டிருந்தது, அது இந்தக் கணக்குக்கு அடங்காத பூதம். அழுத்தத்தை மட்டும் வைத்து வகை சொல்வதும் தவறு. 1993 ஜனவரியில் வட அட்லாண்டிக்கில் வீசிய பிரேயர் என்ற சூறாவளி முழுக்க மித வெப்பமண்டல வகை. அதன் மையம் சுமார் 914 ஹெக்டோபாஸ்கலுக்கு இறங்கியது.

கருவி வைத்திருப்பவர் இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. குளிர்முகம் கடந்தால் நான்கு வரைகோடுகளும் ஒரே நேரத்தில் உடையும்: குறைந்துகொண்டே வந்த அழுத்தம் சட்டென்று ஏறும், வெப்பநிலை சரியும், பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இறங்கும், காற்றின் திசை மாறும். வட அரைக்கோளத்தில் தென்மேற்கிலிருந்து வடமேற்குக்கும், தென் அரைக்கோளத்தில் வடமேற்கிலிருந்து தென்மேற்குக்கும் திரும்பும். இவற்றில் நம்பத்தக்கவை பனிநிலையும் காற்றின் திசையும். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் ஏமாறலாம்: முகத்துக்கு முன்னால் மழை விழுந்தாலே தரைக்காற்று குளிர்ந்துவிடும், பகலில் முகம் கடந்து வெயில் அடித்தால் வெப்பம் இறங்கியதே தெரியாது. முகம் கடந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று நினைப்பதும் தப்பு. பலத்த, சீறியடிக்கும் காற்று பல நேரம் மழைப்பட்டை போன பிறகே வரும்.

புயல் நெருங்கும்போது அழுத்தம் முதலில் மெதுவாகவும், மையம் அருகில் வரவர மிக வேகமாகவும் விழும். வெப்பநிலையிலும் பனிநிலையிலும் பெரிய உடைவு இராது. காற்றின் திசை மெல்ல மெல்ல ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் மையம் உங்களுக்குப் பக்கவாட்டில் போகிறது. திசை மாறாமல் வேகம் மட்டும் கூடினால், நீங்கள் அதன் பாதையிலோ அதற்கு மிக அருகிலோ இருக்கிறீர்கள். மையம் நேரே கடந்தால் காற்று ஓய்ந்து, பிறகு ஏறக்குறைய எதிர்த்திசையிலிருந்து அறையும். மையம் எந்தப் பக்கம் என்று அறியப் பழைய விதி போதும்: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடப்பக்கம், சற்று முன்னே இருக்கும். தெற்கில் வலப்பக்கம்.

அழுத்தமானி படிப்பதில் அடிக்கடி நேரும் பிழைகள் இரண்டு. வெப்பமண்டலத்தில் அழுத்தம் ஒவ்வொரு நாளும் தானாகவே இருமுறை ஏறி இறங்கும்: காலை, இரவு 10 மணிவாக்கில் உச்சம், காலை, மாலை 4 மணிவாக்கில் தாழ்வு, வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் வரை. காலை பத்துக்குப் பார்த்த எண்ணை மாலை நான்குடன் ஒப்பிட்டுப் புயல் வருகிறது என்று பதறக்கூடாது. முந்தைய நாள் அதே மணி நேரத்து அளவோடும் அந்தப் பருவத்தின் சராசரியோடும் ஒப்பிட வேண்டும். இந்தத் தினசரி ஏற்ற இறக்கத்தைக் கழித்துத் திருத்திய அளவு சராசரியைவிட 3 குறைந்தால் சந்தேகப்படு, 5 குறைந்தால் அருகில் புயல் இருப்பதாகவே எடுத்துக்கொள் என்பது கடலோடிகளின் நடைமுறை. இரண்டாவது பிழை உயரம். கடல்மட்டத்துக்கு அருகே 8 மீட்டர் ஏறினாலே 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். கைபேசி அழுத்தமானியை ஒரு நாள் தரைத்தளத்திலும் மறுநாள் மூன்றாம் மாடியிலும் படித்தால், வராத தாழ்வு வந்ததுபோலத் தெரியும். உயர் அட்சங்களில் பார்க்க வேண்டியது வீழ்ச்சியின் வேகம்: 60 டிகிரி அட்சத்தில் மைய அழுத்தம் 24 மணி நேரத்தில் 24 ஹெக்டோபாஸ்கல் விழுந்தால் அது வெடிப்பு வளர்ச்சி, அதாவது சூறாவளி மிக வேகமாக வலுக்கிறது. 45 டிகிரியில் அதற்குச் சுமார் 20 போதும்.

செயற்கைக்கோள் படத்தில் முகங்களுள்ள சூறாவளி காற்புள்ளி வடிவில் தெரியும்: தலை மையத்தைச் சுற்றி, வால் குளிர்முகத்தோடு நீண்டு. புயல் ஏறத்தாழ வட்டமாக, மையத்தில் அடர்மேகமோ கண்ணோ கொண்டிருக்கும். அதைச் சுற்றி வளைந்து ஓடும் மழைப்பட்டைகளைப் பலர் காற்றுமுகம் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்தப் பட்டையின் இருபுறமும் ஒரே ஈரக்காற்றுதான் இருக்கிறது. ஆகவே அது முகமல்ல. கடற்காற்றின் உள்நாட்டு விளிம்பையும், இடிமழையிலிருந்து பாயும் குளிர்காற்றின் விளிம்பையும் முகம் என்றே சொல்வார்கள். அவை அடர்த்தி எல்லைகள் என்பது உண்மைதான், ஆனால் சில மணி நேரமும் சில பத்து கி.மீ.யும் மட்டுமே வாழ்பவை. நாடளாவிய வரைபடத்தில் அவற்றைத் தேடிப் பயனில்லை. அதேபோல் ஒரே நேரத்து வரைபடத்தை இரண்டு நிலையங்கள் வரைந்தால் காற்றுமுகக் கோடு நூறு கி.மீ. தள்ளி விழுவது சகஜம். அகலமான பட்டையை ஒரு கோடாக்கும்போது கைக்குக் கை மாறும்.

எல்லை மங்கும் இடங்களும் உண்டு. உயர் அட்சங்களுக்கு நகரும் புயல், குளிர்ந்த கடலையும் ஜெட் காற்றோட்டத்தையும் சந்தித்து, மழையை ஒருபக்கமாக இழந்து, காற்றுமுகங்களைச் சேர்த்துக்கொண்டு மற்ற குடும்பத்துக்கு மாறும். இந்த மாற்றம் ஒரு நாள், இரண்டு நாள் எடுக்கும். மையக்காற்று சற்றுக் குறைந்தாலும் காற்று வீசும் பரப்பு பலமடங்கு விரியலாம்; நகரும் வேகமும் கூடும். 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி என்ற ஹரிக்கேன் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கரையைத் தொடும் முன்பே இப்படி மாறிவிட்டது. "இது ஹரிக்கேன் அல்ல" என்ற வகைப்பாட்டு நியாயத்தால் ஹரிக்கேன் எச்சரிக்கை வடக்கே நீட்டிக்கப்படவில்லை. அபாயமோ கொஞ்சமும் குறையவில்லை. அதையடுத்து 2013 முதல், வகை மாறினாலும் எச்சரிக்கையைத் தொடர அமெரிக்கத் தேசிய ஹரிக்கேன் மையம் விதியை மாற்றிக்கொண்டது. எதிர்த்திசை விதிவிலக்கும் உண்டு. சில கடல்சார் மித வெப்பமண்டலச் சூறாவளிகள் முற்றும்போது மையத்துக்குள் ஒரு துண்டு வெப்பக்காற்று சிக்கி, அதைச் சுற்றி முகம் சுருளும். படத்தில் கண் இருப்பதுபோலவே தெரியும். அந்த வெப்பம் கடலிலிருந்து வந்ததல்ல, சுற்றியிருந்த வெப்பக்காற்றிலிருந்து துண்டிக்கப்பட்டது. கண்ணைப் பார்த்ததும் புயல் என்று முடிவு கட்டாமல், அதற்குக் கீழே கடல்நீரின் வெப்பம் எவ்வளவு, மேலே ஜெட் காற்றோட்டம் எங்கே ஓடுகிறது, முகக்கோடு மையத்தை இன்னும் தொட்டிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தால் எந்தக் குடும்பம் என்பது தெரிந்துவிடும்.